தண்ணீருக்கு இன்னொரு பேர்

நவம்பர் 6
காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பக்கவாதம் வந்து பதினாறாம் நாள். வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு வந்துவிட்டது, ஆனால் பிரெஞ்சு மட்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பேசிய பாஷை. லீவில் வீட்டுக்கு வந்தால் என்னோடு தமிழ்தான். இப்போது தமிழில் கேட்டால் தலையாட்டுகிறார். வாயில் வருவதில்லை.

பாரிஸிலிருக்கும் மகள் கவிதாவைக் கூப்பிட்டு, போனை அவர் காதில் வைத்தேன். "அப்பா நல்லாத்தான் பேசறாரும்மா. கொசு கடிக்குதாம்." கொசுவலை கட்டினேன்.

நவ. 7
வாங்க: ரவை, டெட்டால், பெரிய சைஸ் டயப்பர்.

கொழுந்தனார் வந்தார். "பிரெஞ்சுல கேட்டா குடுக்காதீங்க அண்ணி. தமிழ் தானா வந்துடும்." சரியென்று பட்டது. மத்தியானம் "து லோ, து லோ" என்றார். தண்ணீர்தான், தெரியும். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "தண்ணின்னு சொல்லுங்க" என்றேன். வாயைத் திறந்து திறந்து பார்த்தார். வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் கொடுத்தும் குடிக்கவில்லை. பாவி நான்.

நவ. 8
வெயில். துணி காய்ந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் நேற்று நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டேன். "எது வருதோ அத வாங்கிக்குங்கம்மா. ரெண்டு பாஷை இருந்ததாலதான் ஒண்ணாவது தப்பிச்சிருக்கு."

சாயங்காலம் சொம்போடு போய், "து லோ?" என்றேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். குடித்தார்.

நவ. 10
கவிதா போனில் சொல்லித்தந்தவை:
மால் - வலி
ஃப்ருவா - குளிர்
அவால் - முழுங்கு (அவல் என்று ஞாபகம் வைக்க)

மாத்திரையை நீட்டி "அவல்" என்றேன். சிரித்துவிட்டார். கோணல் சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. "அவால்" என்று திருத்தினார், நிதானமாக, இரண்டு தடவை. அந்தப் பாஷையில் அவர் குரல் இன்னும் மெதுவானது. முப்பத்தோரு வருஷக் குடித்தனம், இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

நவ. 13
மறுபடி மழை. சாரல் கட்டில் வரைக்கும். ஜன்னலைச் சாத்தப் போனேன்.
"நோன்."
"நனையறீங்க. ஃப்ருவா."
"நோன்."
"எல்லாத்துக்கும் நோனா? ஜுரம் வந்தா யாரு பாக்கறது?"
நான் பாட்டுக்குச் சாத்தினேன். பின்னாலிருந்து, தெளிவாக:
"போடி."
திரும்பினேன். அவருக்கே திகைப்பு. இடது கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஜன்னலைத் திறந்துவிட்டேன்.