ஓர்வில் மாமாவின் அம்பு தாங்கி

விரோக்வா, விஸ்கான்சின்
ஆகஸ்ட் 3, 2009

அன்புள்ள டுவெயினுக்கு,

'மாப்பிள்ளை' என்று எழுதப் போன கையை மடக்கிக்கொண்டேன். நீயும் என் மகள் மார்லாவும் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது, இந்தக் கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. போனில் கேட்கலாம் என்றால் காதில் மாட்டியிருக்கும் கருவி விசில் அடிக்கிறது. நீ பேசுவது கேட்பதில்லை, எங்கோ ரயில் வருவதுதான் கேட்கிறது. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். என் வில்லில் இருந்த அம்பு தாங்கியைக் கழற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அம்பை உட்கார வைக்க இரண்டு கம்பிக் கொம்பு வைத்த அதே பழைய தாங்கி. போன வருடம் நாணை இழுக்கும்போது அம்பு கொம்பிலிருந்து நழுவி வில்லில் 'டிங்'கென்று மோதியது. ஒரு முறை இல்லை, நான்கு முறை. மான்கள் என்ன என்னைப் போலச் செவிடா? வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

ஓடியதுகூடப் பரவாயில்லை. அக்டோபரில் அந்தப் பெண்மானை வயிற்றில் அடித்தேனே, அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். இரண்டு நாள் தேடினேன். ரத்தத் தடத்தை மழை கழுவிவிட்டது. மூன்றாம் நாள் நரிகள் மிச்சம் வைத்ததைக் கண்டுபிடித்தேன். ஐம்பது வருடம் வில் பிடித்தவன் செய்கிற காரியமா அது? தாங்கி சரியில்லை, அம்பு கோணலாகப் போய்விட்டது.

செப்டம்பர் 12-ல் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. நீ வில் கடையில் வேலை பார்க்கிறவன். எந்தத் தாங்கியை மாட்டட்டும்? இன்னொரு மானுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

ஓர்வில் ஹாகன்


ஓ கிளேர்
ஆகஸ்ட் 10, 2009

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கையை மடக்கினால் மடக்குங்கள், நான் மாமா என்றுதான் எழுதுவேன். ஆகஸ்ட் பிறந்தால் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து எனக்கு வருவது இந்த ஒன்றுதான்.

இப்போது இரண்டு வகைத் தாங்கிதான் ஓடுகிறது. ஒன்று, அம்பு கிளம்பியதும் கீழே மடங்கி வழிவிடும். அம்பைத் தொடாததால் குறி சுத்தமாக விழும். ஆனால் அதை ஒரு கயிறு இயக்குகிறது. கயிறு தளர்ந்தால் கதை முடிந்தது. இன்னொன்று, சுற்றிலும் தூரிகை மயிர் வைத்த வளையம். அம்பை அதற்குள் செருகிவிட்டால் வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. அம்பின் இறகு கொஞ்சம் தேயும், வேகம் ஒரு நூல் குறையும். கடைக்கு வருகிறவர்கள் முதல் வகைக்குத்தான் பறக்கிறார்கள்.

உங்களுக்கு வளையம்தான் சரி. 'டிங்' சத்தமே கேட்காது. வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.

மரத்தில் கட்டிய பலகையில் பதினைந்தடி உயரத்தில் உட்காரும்போது இடுப்பு வாரை மறக்காமல் மாட்டுங்கள். நவம்பரில் துப்பாக்கி வேட்டைக்கு வழக்கம்போல வருகிறேன், வரலாம்தானே?

அன்புடன்,
டுவெயின்


ஓ கிளேர்
ஆகஸ்ட் 19, 2009

அன்புள்ள மாமாவுக்கு,

வளையத்தை அனுப்பவில்லை. விசாரித்துப் பார்த்தேன். உங்கள் வில் இருபது வருடத்துக்கு முந்தையது. அதில் தாங்கி மாட்டுகிற ஓட்டை வேறு அளவு. புதுத் தாங்கிகள் எதுவும் அதில் பொருந்தாது, பழைய அளவில் இப்போது யாரும் செய்வதில்லை.

இந்த வருடம் வில்லுக்கு ஓய்வு கொடுங்கள். நவம்பரில் துப்பாக்கியோடு கீழேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

டுவெயின்


விரோக்வா
ஆகஸ்ட் 29, 2009

டுவெயினுக்கு,

வில்லைத் தூக்கிக்கொண்டு நேற்று லா கிராஸில் ஒரு கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண்மணியிடம், என் வில்லுக்குத் தாங்கியே கிடையாதாம், ஓட்டை வேறு அளவாம் என்றேன். அவள் சிரித்தாள்.

"எல்லா வில்லுலயும் இந்த ஓட்டை ஒரே அளவுதாங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே. யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

"எங்க மாப்பிள்ளை."

"அவருக்கு வில்லைப் பத்தி என்னங்க தெரியும்?"

"வில் கடையிலதாம்மா இருபது வருஷமா வேலை பாக்கறான்."

அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையத்தை மாட்டி முடிக்கும்வரை திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயதில் முன்பின் தெரியாத ஒருத்தி என்மேல் இரக்கப்படும்படி செய்துவிட்டாய்.

நீ குடித்துத் திரிந்த காலத்தில், குடியை விடும் கூட்டத்துக்குப் போகிறேன் என்று மார்லாவிடம் சொல்லிவிட்டு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தாய். ஆனால் என்னிடம் வந்து உண்மையைச் சொன்னாய். அதனால்தான் அவள் உன்னை விட்ட பிறகும் நான் விடவில்லை. இப்போது எனக்கும் அதே மரியாதையா?

பன்னிரண்டாம் தேதி மரம் ஏறுகிறேன். நவம்பரில் நீ வர வேண்டாம்.

ஓ. ஹாகன்


ஓ கிளேர்
செப்டம்பர் 3, 2009

மாமா,

பொய்தான் சொன்னேன். மன்னிக்கச் சொல்லவில்லை, நடந்ததைக் கேளுங்கள்.

வளையத்தை அனுப்பவிருந்த வெள்ளிக்கிழமை மார்லா கடைக்குப் போன் செய்தாள். இந்த ஆறு வருடத்தில் இது இரண்டாவது முறை. "அப்பாவுக்குக் கை நடுங்குது டுவெயின். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடறேன். அந்தக் கையோட மரத்துல ஏறி உக்காரப் போறாராம். நான் சொன்னா கத்தறாரு, நீ சொன்னா கேப்பாரு. தாங்கி கெடைக்கலன்னு சொல்லித் தொலையேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் சரி என்றுவிட்டேன்.

ஆனால் மார்லாமேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. நீங்கள் அனுப்பிய பழைய தாங்கியை அது வந்த அன்றே என் வில்லில் மாட்டி முப்பது அம்பு விட்டேன். ஒன்றுகூட நழுவவில்லை. முப்பதும் உள்ளங்கை அளவு இடத்தில் போய்க் குத்தின. தாங்கியில் ஒரு குறையும் இல்லை மாமா. அந்த மானுக்கு நடந்தது தாங்கியால் நடந்தது இல்லை.

இது தெரிந்தும்தான் வளையத்தை அனுப்புகிறேன் என்று குஷியாக எழுதினேன். நீங்கள் வில்லை வைத்துவிட்டால் எனக்கு ஆகஸ்டில் கடிதம் வராது, நவம்பரில் உங்கள் காட்டுக்கு வருவதற்குக் காரணமும் இருக்காது என்று பயந்தேன். ஓட்டையைப் பற்றிச் சொன்னதைவிட அதுதான் பெரிய பொய். உங்களை இழக்கக்கூடாது என்று இன்னொரு மானைப் பணயம் வைத்தேன், உங்களையும் வைத்தேன்.

ஏறாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

டுவெயின்


விரோக்வா
செப்டம்பர் 14, 2009

டுவெயினுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் திட்டினேன். என் முன்னோர் பேசிய நார்வே மொழியில் எனக்குத் தெரிந்தது கெட்ட வார்த்தைகள் மட்டும்தான். அத்தனையும் உனக்கே செலவாயிற்று.

சனிக்கிழமை ஏறினேன். வாரை மாட்டிக்கொண்டேன், போதுமா?

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஓடைப்பக்கமிருந்து ஒரு பெண்மான் வந்தது. இருபது அடி தூரத்தில் பக்கவாட்டில் நின்று புல்லை முகர்ந்தது. நாணை இழுத்தேன். வளையம் நல்ல வளையம். அம்பு அசையவில்லை, சத்தம் இல்லை. மான் தலையைக்கூடத் தூக்கவில்லை. இப்படி ஒரு மானுக்காக எத்தனையோ வருடம் காத்திருந்திருக்கிறேன்.

வில்லில் குறி பார்க்க இருக்கும் பச்சைப் புள்ளியை அதன் தோளுக்குப் பின்னால் வைத்தேன். புள்ளி அங்கே நிற்கவில்லை. வயிற்றுக்குப் போயிற்று, தொடைக்குப் போயிற்று, மறுபடி வயிற்றுக்கு வந்தது. பழைய தாங்கியாக இருந்தால் இதற்குள் அம்பு கீழே விழுந்து, மான் ஓடி, நான் தாங்கியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். இது அம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னை மட்டும் காட்டிக்கொடுத்தது. திட்டுவதற்கு ஆள் இல்லை.

நாணை மெதுவாகத் தளர்த்தினேன். அது வயிறு நிறைய மேய்ந்துவிட்டுத் தன்பாட்டில் போயிற்று. நான் அழுதேன். போன வருடம் செத்ததற்கும் சேர்த்து அழுதேன். பிறகு வில்லைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு நானும் இறங்கினேன். இனி ஏறப் போவதில்லை. மார்லாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், டாக்டரிடம் வருவதாகவும் சொன்னேன். அவள் இன்னும் நம்பவில்லை.

நீ சொன்ன பொய்யை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்றும் எதிர்பார்க்காதே.

ஆனால் நேற்றிலிருந்து ஒரு யோசனை. மகள் விவாகரத்து செய்தவனுக்கு அவள் அப்பன் எதற்காகக் கடிதம் எழுதுவான்? இத்தனை வருடம் வில் இருந்தது, நாண் இருந்தது, தாங்கி இருந்தது. இனி எதைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவது என்று நானும் புரண்டு புரண்டு பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அதனால் ஒன்றுமே சொல்லாமல் கூப்பிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா. மார்லா இருப்பாள், முறைப்பாள். மான் கறி கிடையாது, கோழிதான்.

ஓர்வில்