சிவப்புத் துணி கட்டிய மூங்கில்

அன்புள்ள அக்கா,

புத்தாண்டுக்கு நீ வர வேண்டாம். இங்கே குளிர்காற்று பொல்லாததாக இருக்கிறது. நிங்போ நகரத்தில் பேத்தி ருய்ருய்யை விட்டுவிட்டு ஏன் அலைகிறாய்?

போன வாரம் அனுப்பிய சிப்பியை இஞ்சி போட்டு அவித்துத் தின்றுவிட்டு, "நம்ம சேத்துச் சிப்பி ருசி வேற எதுக்குடா வரும்!" என்று போனில் சொன்னாயே. அது சந்தையில் வாங்கியது.

கடற்சேற்றில் சூரிய மின்தகடுகளுக்குத் தூண் அடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது உனக்குத் தெரியும். சேர்ந்த மறுநாளே, அந்தச் சேற்றில் நீ சிப்பி வளர்த்த பாத்திக்கு அடையாளமாக நீ நட்டிருந்த மூங்கிலைக் காட்டி, "இது யாரோடதுய்யா?" என்று மேஸ்திரி வெங் கேட்டார். உன் பழைய போர்வையில் கிழித்த சிவப்புத் துணி அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"அலையில அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்" என்றேன். நானே பிடுங்கினேன். உன் பாத்தி மேலேயே தூண் இறங்கியது.

நேற்று நீர் வடிந்ததும் தகடுகளின் நிழலில் அதைத் திரும்ப நட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"மறுபடியும் வந்துடுச்சா? யாரோடதுய்யா இது?"

"எங்க அக்காவோடது."

"அன்னிக்கே சொல்லியிருந்தா தூணைத் தள்ளி அடிச்சிருப்பேனேய்யா" என்றார்.

இப்படிக்கு,
உன் தம்பி