ஐந்தில் இரண்டு சரி

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பொடிசு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள். உன் காது எப்படி இருக்கிறது? போன தடவை போனில் "வாலுவுக்குக் காய்ச்சல்" என்றேன், நீ "என்ன பாய்ச்சல்?" என்றாய். அதனால்தான் கடிதம். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்.

விஷயம் என் மகளைப் பற்றித்தான். வாலு நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கூட்டல், கழித்தலெல்லாம் மளமளவென்று போடுகிறாள். அதையே நாலு வரி கதையாக எழுதிக் கொடுத்தால் பேந்தப் பேந்த விழிக்கிறாள். "கூட்டணுமா, கழிக்கணுமாம்மா?" என்று என் முகத்தைப் பார்க்கிறாள். என் புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், உடனே அழித்துவிட்டு மாற்றிப் போடுகிறாள். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்லிக்கொடுத்தேன். 'மொத்தம்', 'அதிகம்' என்று வந்தால் கூட்டு. 'மீதி', 'குறைவு' என்று வந்தால் கழி.

நேற்று வந்த கணக்கு இது. முதல் பெட்டியில் 48 பென்சில்கள் உள்ளன. இது இரண்டாம் பெட்டியில் உள்ளதைவிட 13 அதிகம். இரண்டாம் பெட்டியில் எத்தனை? 'அதிகம்' இருக்கிறதே என்று 61 போட்டாள். டீச்சர் தப்பு போட்டு அனுப்பியிருந்தார். ஏன் தப்பு என்று எனக்கே புரியவில்லை அக்கா. புரியாத கோபத்தை அவள்மேல் காட்டினேன். நோட்டைத் தூக்கி எறிந்து, "மக்கு! மக்குக்குப் பொறந்தது வேற எப்படி இருக்கும்!" என்று கத்திவிட்டேன். ஓடிப்போய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "கோச்சுக்காதம்மா. நான் மக்குதான்" என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மண்டைதான் அவளுக்கும் வாய்த்திருக்கிறது. என் படிப்பை நிறுத்திய அன்றைக்கு அப்பா என் நோட்டை விரித்துக் காட்டினாரே, ஐந்து கணக்கும் தப்பு என்று. அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நீ இருபத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள். எனக்கு ஒரு வழி சொல்.

உன் பொடிசு

*

ஜூன் 20

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தையை மக்கு என்று சொன்னதற்கு உன் காதைத் திருக வேண்டும். என் காதைப் பற்றிக் கேட்டாயல்லவா, அது அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் கத்தும்போது அது ஒரு வசதி.

முதலில் அந்த 'அதிகம் என்றால் கூட்டு' பாடத்தை மூட்டை கட்டி வை. உன்மேல் தப்பில்லை, வாத்தியார்களே பாதிப் பேர் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். வார்த்தையைத் தேடும் பிள்ளை கதையை வாசிக்காது.

நாளைக்கு இப்படிச் செய். கணக்கில் உள்ள எண்களை உன் விரலால் மறைத்துக்கொள். வாலுவை வாசிக்கச் சொல். "என்ன நடந்துச்சு, உன் வார்த்தையில சொல்லு" என்று கேள். பிறகு, "எந்தப் பெட்டி பெருசு? எதைக் கேக்கறாங்க?" என்று கேள். அவளே ஒரு படம் போடட்டும். கோணலாக இருந்தாலும் வாயைத் திறக்காதே. பென்சில் அவள் கையில்தான் இருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் நீ ஜன்னலைப் பார்.

மண்டை, கிண்டை என்றெல்லாம் எழுதாதே. அந்தப் பழைய பேச்சு இப்போது எதற்கு?

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 9

என் அருமை அக்கா,

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பலித்துவிட்டது!

பென்சில் கணக்கையே திரும்ப எடுத்தேன். எண்ணை மறைத்தேன். வாலு கண்ணை உருட்டிக்கொண்டு, "ஒரு பொட்டி பெருசு, ஒரு பொட்டி சின்னது. பெரிய பொட்டியில எத்தனைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. சின்னதைத்தான் கேக்கறாங்க" என்றாள். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யே! சின்னப் பொட்டியில போய் அறுபத்தொண்ணு எப்படிம்மா வரும்? முப்பத்தஞ்சு!" எழுந்து ஓர் ஆட்டம் போட்டாள் பார், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார்.

இன்னொன்று கேள். 130 பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு பஸ்ஸில் 40 பேர் உட்காரலாம், எத்தனை பஸ் வேண்டும்? நான் வகுத்துப் பார்த்து, "மூணு பஸ், மீதி பத்து" என்றேன். வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "மீதி பத்துப் பேரும் பின்னாடியே ஓடி வருவாங்களா?" நாலு பஸ்ஸாம். டீச்சரிடம் 'மிக நன்று' வாங்கி வந்திருக்கிறாள்.

இனி எழுதப்போவதை நீ சிரிக்காமல் வாசிக்க வேண்டும். அவள் புத்தகத்தில் மிச்சமிருந்த கணக்குகளை நான் போட ஆரம்பித்தேன். சீருடை தைக்கிற எங்கள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், துணி வெட்டுகிற மேஜையிலேயே உட்கார்ந்து போடுகிறேன். நாலாம் வகுப்பு முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏழாம் வகுப்புப் புத்தகம் வாங்கினேன். அதுவும் வருகிறது! கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு சுருள் துணியில எத்தனை சட்டை விழும்னு கண்ணாலேயே சொல்றவ நீ. உனக்கா கணக்கு வராது?" என்றார். அது வேலை, கணக்கில்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அக்கா, நீ டீச்சர், உனக்குத்தான் தெரியும். நாற்பத்திரண்டு வயதில் வருவது பதினொரு வயதில் ஏன் வரவில்லை? அன்றைக்கு எனக்கு என்ன ஆகியிருந்தது? ஒன்றுகூடவா சரியாகப் போடவில்லை நான்? நினைக்க நினைக்க விளங்கவில்லை. யோசித்து எழுது.

உன் பொடிசு

*

ஜூலை 30

அன்புள்ள பொடிசுக்கு,

தாமதத்துக்கு மன்னி. பரீட்சைத் தாள், கூட்டம் என்று தலைக்கு மேல் வேலை. வாலுவுக்கு என் முத்தம்.

நீ கேட்டதற்குப் பதில்: சிலருக்கு மூளை தாமதமாகத்தான் மலரும். அப்போது அம்மா படுக்கையில் விழுந்திருந்த நேரம் வேறு. உன் மனசு ஒரு நிலையில் இருந்திருக்காது. பழசைக் கிளறிக்கொண்டிருக்காதே. இத்துடன் ஒரு பயிற்சிப் புத்தகம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 17

என் தங்கைக்கு,

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

நேற்று என் வகுப்பில் ஒரு பெண் விடையை மட்டும் எழுதி நோட்டை நீட்டினாள். செய்முறை ஒரு வரி இல்லை. பழக்கத்தில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. "டீச்சர், விடை சரிதானே?" என்று கேட்டாள். சரிதான். பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொருட்கள் வைக்கும் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கேயே இதை எழுதத் தொடங்கினேன்.

அம்மா விழுந்து படுத்த மாதம்தான் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் காகிதத்தை ஒரு வாரம் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "ஒருத்தி வீட்டுல இருந்தாகணும் பெரியவளே. சின்னவளுக்குப் படிப்பு வருமா வராதான்னு நீயே பார்த்துச் சொல்லு. வரும்னா நீ இரு, அவ படிக்கட்டும்" என்றார். அவர் என்னை அவ்வளவு நம்பினார்.

நான் உனக்குக் கொடுத்த ஐந்து கணக்கும் ஆறாம் வகுப்புக் கணக்கு இல்லை. என் பழைய எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்தவை. மூன்றில் நீ தடுமாறினாய். தடுமாறத்தான் செய்வாய், அதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித்தராத பாடம். ஆனால் இரண்டை நீ சரியாகப் போட்டாய். கடைசிக் கணக்குக்கு விரலை மடக்கி மடக்கி யோசித்து, வெறும் விடையை மட்டும் எழுதி, "சரியாக்கா?" என்று கேட்டாய். நான் ஐந்துக்கும் சிவப்புக் கோடு போட்டேன். அப்பாவிடம் கொண்டுபோய், "பாருங்கப்பா, அஞ்சும் தப்பு" என்றேன். அவர் நோட்டை வாங்கி விரித்துப் பார்த்தார். "சரி, நீ போய்ப் படி" என்றார்.

என் பெட்டியைப் பஸ் வரைக்கும் நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய். 

அந்த நோட்டை நான் புறப்படுவதற்கு முன்பே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்குப் பதினேழு வயது, விவரம் தெரியாது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்துதான் செய்தேன். முன்வரிசையில் உட்காரும் ஒவ்வொரு பதினொரு வயதுக்காரியிடமும் நான் காட்டிய பொறுமைக்கு ஊரில் எனக்கு நல்ல டீச்சர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். ஆனாலும் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ உன் பிள்ளையை 'மக்குக்குப் பிறந்த மக்கு' என்றாய் அல்லவா, அது நான் போட்ட கோடு.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 21

பொடிசு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று போன் செய்தேன். வாலு எடுத்தாள். "அம்மா வேலையா இருக்காங்க பெரியம்மா" என்றாள். நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாயா என்று என் காதுக்குக் கேட்கவில்லை.

திட்டியாவது எழுது. டிசம்பர் விடுமுறைக்கு அங்கே வந்து நேரில் உன் முன்னால் நிற்கிறேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 5

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைக் கம்பெனி வாசலிலேயே பிரித்து, நின்றபடி வாசித்தேன். அன்றைக்கு அறுபது அடுக்குத் துணியைக் கை தவறி வெட்டிவிட்டேன். கட்டிங் மாஸ்டர் திட்டவில்லை. "வீட்டுல யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன்.

இத்தனை நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. அவளைக் குளிப்பாட்டித் தலை வாரும்போது அவள் சொன்ன கதைகள் உனக்குக் கிடைக்காதவை. அதில் நீதான் நஷ்டப்பட்டவள். பள்ளிக்கூடம் நின்றுபோனதைக்கூட விடு. முப்பத்தொரு வருஷம் என்னை நானே மக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதை யாரிடம் போய்க் கேட்பது? பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன். பேங்கில் படிவம் நிரப்பத் தெரியாமல் பக்கத்தில் நின்றவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். கடைசியில் என் பிள்ளையிடமும் சொன்னேன். அவளை அடித்த வார்த்தை என்னுடையது. அதை உன் தலையில் கட்டி நான் தப்பிக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ என்னிடம் வந்து, "எனக்குப் படிக்கணும்போல இருக்குடி, நீ வீட்டுல இரேன்" என்று கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேன். உனக்காக அப்போது நான் எதையும் செய்வேன். நீ கேட்கவே இல்லை.

பரவாயில்லை என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். வரவில்லை. பொய்யாக எழுத எனக்கு இஷ்டமில்லை.

எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் நானும் வாலுவும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படிக்கிறோம். என் தப்பைக் கண்டுபிடித்தால் அவளுக்குக் கொண்டாட்டம். இனி எனக்குப் புத்தகம் அனுப்பாதே, நானே வாங்கிக்கொள்கிறேன்.

டிசம்பரில் வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் நான் அழுது, சமாதானமாகிவிடுவேன். அவ்வளவு சுலபமாக இது முடிவதை நான் விரும்பவில்லை.

வாலு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பின்னக் கணக்கு தொடங்கிவிட்டார்கள், அவளுக்குச் சந்தேகம் நிறைய. அவளுக்கு நீ எழுது. உறையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுப்பேன், என்ன எழுதினாய் என்று கேட்கவும் மாட்டேன். எனக்கு எழுதாதே. நானாக எழுதும்வரை பொறுத்திரு. எத்தனை நாளாகும் என்று எனக்கே தெரியாது.

காதை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. தள்ளிப் போடாதே.

இப்படிக்கு,
தங்கை