பதினைந்து டாலர் மாத்திரை

பெர்ரி கவுண்டி, கென்டக்கி
மே 6

அன்பு மகள் மேரிபெத்துக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம். மற்ற நலம் விசாரிப்பெல்லாம் பின்னால். முதலில் இதைப் படி. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. நான்கு வருஷத்தை ஆறு வருஷமாக்கும் அந்த ஒப்பந்தத்தை உன் முன்னால் வைத்தால், அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லிவிடு. கடற்படையில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்களாம், உன் அப்பா சொல்கிறார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. பள்ளி பஸ்ஸை ஓட்டி முடித்து நிறுத்திவிட்டு வந்தவள் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். "அம்மா, ரெண்டு வருஷம் சேர்த்துப் போட்டா கையில ஒரு தொகை தர்றாங்களாம். உன் எடை குறையிற மாத்திரைக்கு அது போதும். இன்சூரன்ஸ்காரன் குடுக்கலைன்னா போறான், நான் குடுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அடி பைத்தியக்காரி! அந்த மாத்திரை என்ன விலை என்று தெரியுமா உனக்கு? மாதத்துக்குப் பதினைந்து டாலர். நாம் வெள்ளிக்கிழமை வாங்குகிற பீட்சா அதைவிட அதிகம்.

மாதம் ஆயிரம் டாலர் என்று நீ கேள்விப்பட்டது டிவியில் எல்லோரும் பேசுகிற புது ஊசி. டாக்டர் ஹென்ஸ்லி எனக்கு எழுதிக் கொடுத்தது ஃபென்டர்மின் என்கிற பழைய மாத்திரை. என் அம்மாவுக்குக் கல்யாணமாகும் முன்பே கடையில் இருந்த சரக்கு. இரண்டும் எடைக்குத்தான், இரண்டையும் இன்சூரன்ஸ்காரன் மறுக்கிறான், அதனால் விலையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. உன்னைப் பெற்றவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போனில் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், பயிற்சி முகாமில் காலெடுத்து வைத்த அன்றே உங்கள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். உன்னைச் சேர்த்துவிட்ட அதிகாரியைக் கூப்பிட்டேன். நல்ல பையன்தான். "மேடம், யாராவது செத்துட்டா சொல்லலாம். இதுக்கெல்லாம் வழியில்ல, லெட்டர் போடுங்க" என்றான். அதனால் இந்தக் கடிதம்தான் ஓடி வர வேண்டும்.

என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்கிறேன். முட்டிக்கு ஆபரேஷன் செய்கிற லெக்சிங்டன் டாக்டர், இருநூற்று நாற்பது பவுண்டுக்குக் கீழே வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். அதற்கு நான் பதினெட்டு பவுண்டு குறைய வேண்டும். ஆகஸ்டில் பஸ் டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை. பஸ்ஸின் பின்பக்க அவசரக் கதவு வழியாக இறங்கிக் காட்ட வேண்டும். இந்த முட்டியோடு அந்தக் கதவில் உட்கார்ந்தேன் என்றால் என்னை இறக்கத் தீயணைப்பு வண்டிதான் வர வேண்டும். அதில் தோற்றால் வேலை போகும், வேலையோடு இன்சூரன்ஸ் போகும், உன் அப்பா வேலை செய்த சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து அவருடைய இன்சுலினும் அதில்தான் ஓடுகிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததால்தான் இப்படி ஒரு காரியம் செய்யத் துணிந்திருக்கிறாய்.

மாத்திரைக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள். எடை குறைப்பதெல்லாம் அழகுக்காகவாம். எனக்கு வயது ஐம்பத்தாறு, நான் யாருக்கு அழகு காட்டப் போகிறேன்? முட்டியை அறுத்து இரும்பு வைக்க நாற்பதாயிரம் கொடுப்பார்களாம், அறுப்பதற்கு வழி செய்கிற மாத்திரைக்குச் சல்லிக் காசு கிடையாதாம். போன் போட்டால் முக்கால் மணி நேரம் பாட்டு. அப்புறம் ஒரு பெண் வந்து "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது மேடம்" என்பாள், புரிந்துவிட்டு வேறொருத்திக்குத் தள்ளிவிடுவாள், அவளுக்கும் புரியும். மேல்முறையீடு போட்டேன். பதிலுக்கு ஒரு வழவழப்பான புத்தகம் அனுப்பினார்கள், தினமும் அரை மணி நேரம் நடந்தால் எடை குறையும் என்று. அதை அடுப்பில் போடப் போனேன், உன் அப்பா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

ஏழு வாரம் இப்படியே போயிற்று. நீ கிளம்பிப் போன மறு வாரம், அப்பாவுக்கு இன்சுலின் வாங்க ஸ்டிதம் மருந்துக் கடைக்குப் போனேன். வரிசையில் நின்றபடி இந்தக் கதையை யாரிடமோ சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் ஸ்டிதம், "வெர்லீன், இவ்வளவு பாடு எதுக்கு? தள்ளுபடிச் சீட்டோட பதினஞ்சு டாலர்தானே, காசு குடுத்து வாங்கிட்டுப் போயேன்" என்றார். பிப்ரவரியிலேயே ஏன்யா சொல்லவில்லை என்று கத்தினேன். அந்த மனுஷன் அசரவில்லை. "நீ எங்க விலை கேட்ட? இன்சூரன்ஸ் அட்டைய நீட்டின, கம்ப்யூட்டர் இல்லைன்னுச்சு, என்னையும் சேர்த்துத் திட்டிட்டுக் கதவ அறைஞ்சுட்டுப் போன. என்னைப் பேச விட்டியா?" என்றார்.

உண்மைதான். இந்த ஊரில் செருப்பு வாங்கினால் விலை கேட்கிறோம், பழைய டிராக்டருக்கு நாள் முழுக்கப் பேரம் பேசுகிறோம். மருந்துக் கடையில் மட்டும் அட்டையை நீட்டுகிறோம். அட்டை செல்லாது என்றால் மருந்தே இல்லை என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். என் முன்னால் நின்ற கோம்ப்ஸ் வீட்டுக்காரம்மாவும் முன்பு அப்படியே ஒரு மாத்திரையை விட்டுவிட்டுப் போனவளாம், அன்றைக்கே காசு கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல் சாப்பிடுகிறேன். வாய் வறண்டு நாக்கு அட்டை மாதிரி கிடக்கிறது. விடியும் முன்பே எழுந்து சமையலறை அலமாரியெல்லாம் துடைத்து வைக்கிறேன், அவ்வளவு சுறுசுறுப்பு. அப்பா செய்கிற பீன்ஸும் சோள ரொட்டியும் பாதித் தட்டிலேயே போதும் என்றாகிவிடுகிறது. ஒன்பது பவுண்டு போய்விட்டது. மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போய் எடை காட்டினால்தான் அடுத்த மாதத்துக்கு மாத்திரை எழுதித் தருவார். அந்தச் சந்திப்புக்குக் காரணம் எடை என்று எழுதினால் இன்சூரன்ஸ் நூற்று முப்பது டாலரை என் தலையில் கட்டும், முட்டிவலி என்று எழுதினால் அவர்களே கொடுப்பார்கள். வரவேற்பில் இருக்கும் டானெல், "உங்களுக்கு முட்டி வலிக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு முட்டிவலி என்று போட்டாள். பொய்யில்லையே.

இதையெல்லாம் ஏன் முன்பே எழுதவில்லை என்று கேட்பாய். உனக்கு நான் எழுதிய கடிதங்களில் நாய் வேலி தாண்டியது இருக்கிறது, சர்ச் விருந்தில் பாதிரியாரின் நாற்காலி உடைந்தது இருக்கிறது. பதினைந்து டாலர் சமாச்சாரத்தைப் போய் யார் எழுதுவார்கள்? தீர்ந்துபோன பிரச்சினை என்று விட்டுவிட்டேன். நீ அங்கே படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகையால் மேரிபெத், திரும்பவும் சொல்கிறேன், எனக்குப் பணம் வேண்டாம். நான்கு வருஷமே எனக்கு அதிகம். இரண்டு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை கண்ணே, அது உன்னுடைய வயது. அதை யாருக்கும் கொடுக்காதே, எனக்கும் கொடுக்காதே. கையெழுத்துப் போடவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு, அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம்.

கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், முக்கியமாகப் பேனா பிடிக்கிற கையை.

பதறிப்போயிருக்கும் உன் அம்மா,
வெர்லீன்


பெர்ரி கவுண்டி
ஜூன் 3

என் அன்பு மேரிபெத்,

அம்மாவின் முத்தங்கள். உன் பதில் வந்து இரண்டு வாரமாகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன், எழுதியதைப் படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் பொறு வெர்லீன், புள்ள அங்க தனியா இருக்கா, இதைப் படிச்சா அழுவா" என்றார். பொறுத்தேன்.

நீ திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கிறாய். என் கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வந்திருக்கிறது. நான் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு, "பரவால்லம்மா, எனக்கு இங்க பிடிச்சிருக்கு, மாத்திரை இல்லைன்னாலும் போட்டிருப்பேன்" என்று எழுதுகிறாய். யாரிடம் கதை விடுகிறாய்? ஞானஸ்நானத்துக்கு இடுப்பளவு ஆற்றில் இறக்கியபோது பாதிரியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்கும்படி அலறியவள் நீ. உனக்குக் கடல் பிடித்துவிட்டதாம், ஆறு வருஷத்துக்குப் பிடித்துவிட்டதாம்.

அந்த அதிகாரியை மறுபடியும் கூப்பிட்டேன். மாற்ற வழி உண்டா என்று கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். "கையெழுத்து கையெழுத்துதான் மேடம். அவங்க வயசு வந்தவங்க, தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க" என்றான். தெரிந்து எங்கே போட்டாய்? அவன் மேல் கோபமில்லை. யார் மேல்தான் கோபப்படுவது என்று தெரியாமல் ஒரு வாரம் வீட்டில் எல்லோர் மேலும் விழுந்தேன், நாய் உள்பட.

நேற்று லெக்சிங்டனில் எடை பார்த்தார்கள். செருப்பு, பெல்ட், காதில் கிடந்தது எல்லாவற்றையும் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். இருநூற்று முப்பத்தெட்டு. நர்ஸ் கைதட்டினாள். ஜூன் 24 காலை ஆபரேஷன். பள்ளி திறப்பதற்குள் அந்தக் கதவு வழியாக இறங்கிவிடலாம் என்கிறார் டாக்டர். கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் அப்பா ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதார். நானும் அழுதேன். அவர் சந்தோஷத்தில் அழுதார். நான் எதற்கு அழுதேன் என்று உனக்குத் தெரியும்.

இன்றைய தபாலில் என்ன வந்தது தெரியுமா? மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்களாம். இனி அந்த மாத்திரைக்கு இன்சூரன்ஸ் உண்டு, என் பங்கு மாதம் நாற்பது டாலர் மட்டும் கட்டினால் போதும் என்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து டாலர் மாத்திரைக்கு! அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஸ்டிதமுக்குப் போன் போட்டுச் சொல்லி இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் டாக்டர் தர மாட்டார், அதில் இரண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

உன் பணம் வந்தால் உன் பெயரில் பாங்கில் போட்டுவிடுவேன். அப்பா வேண்டாம் என்கிறார். "ஆசையா குடுக்குறா, கொஞ்சமாவது எடுத்துக்க, இல்லைன்னா அவ மனசு உடைஞ்சு போகும்" என்கிறார். சரி, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு நல்ல ஹவுஸ்கோட் வாங்கிக்கொள்கிறேன், உன் பணத்தில். அதற்கு மேல் ஒரு சதம் தொட மாட்டேன். நீ திரும்பி வரும்போது அது அப்படியே இருக்கும். உனக்கு அப்போது இருபத்தைந்து வயதாகியிருக்கும்.

அடுத்த வாரம் உன் பயிற்சி முடிகிற அணிவகுப்புக்கு இருவரும் காரில் வருகிறோம், வழியில் கால் நீட்ட நான்கு இடத்திலாவது நிறுத்த வேண்டியிருக்கும். வெள்ளைச் சீருடையில் உன்னை அடையாளம் தெரியாது என்று அப்பா பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயமில்லை. அங்கே உன்னைத் திட்ட மாட்டேன், சத்தியம். அதற்காகத்தான் எல்லாவற்றையும் இதில் எழுதித் தீர்க்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு பிள்ளை எந்தத் தாய்க்குக் கிடைக்கும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கிடந்து அடித்துக்கொள்கின்றன, எனக்குத் தாங்கவில்லை.

கர்த்தர் உன்னையும் உன் கப்பலையும் எல்லாத் தண்ணீரிலும் காப்பாற்றட்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. இனிமேல் எனக்காக எதையாவது கொடுப்பதற்கு முன்னால், "அது எவ்வளவும்மா?" என்று ஒரு தடவை என்னைக் கேள்.

என்றும் உன்,
அம்மா