தோல் இல்லாத காலணி

7-6-64
ஆட்டம் தொடங்கவே இல்லை, அதற்குள் ரெஃப்ரி என்னை வெளியே அனுப்பிவிட்டார். வெறுங்காலோடு நின்றதுதான் குற்றம். பூட்ஸ் கட்டாயம் என்று கால்பந்து சம்மேளனம் விதி போட்டு எத்தனையோ வருஷமாகிறது. செஞ்சியில் அதை யார் கண்டுகொண்டார்கள்? இந்த வருஷம் மாவட்ட லீகில் சேர்ந்தோம், விதியும் கோட்டை அடிவாரம் வரை வந்துவிட்டது.

"பூட்ஸ் வாங்கிக்கோ. இல்லன்னா பேரை எடுத்துடுவேன்" என்றார் மாவட்டச் சங்கச் செயலாளர் அரிகிருஷ்ணன். நாங்கள் மேல்சித்தாமூர் ஜைனர்கள், சாந்தி என்ற என் பேரே தீர்த்தங்கரர் பேர். தோல் எங்கள் வீட்டுக்குள் வராது, காலில் ஏறாது. இடது விங் பல வருஷமாக என் இடம். எடுத்துத்தான் பார்க்கட்டுமே!

8-6-64
நைனா கேட்டார்: "பந்து மட்டும் இன்னா, பஞ்சுலயா தெச்சிருக்குது?"

பந்தைத் தொட்ட நாளெல்லாம் குளித்துவிட்டுத்தான் சமையற்கட்டுக்குள் போகிறேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பட்டினியோடு படுக்கிறேன். இதுக்கு மேல நான் இன்னா செய்யணும்?

14-6-64
கேன்வாஸ் ஷூ வாங்கி, அடியில் ரப்பர் துண்டுகளை வைத்துத் தைத்தேன். அரிகிருஷ்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பூட்ஸுன்னா தோலுதான்."

"விதியில அப்படி எழுதியிருக்குதா சார்?"

"நீ இன்னா வக்கீலா?"

வக்கீல் இல்லை. ஆனால் எழுதத் தெரியும். சம்மேளனத்துக்கே எழுதிப் போட்டுவிட்டேன்.

21-6-64
கன்னியப்பனோடு சண்டை. எங்கள் கேப்டன், கோல்கீப்பர், என் சிநேகிதன் — அவனே இப்படிக் கேட்டுவிட்டான்.

"எங்க தெரு பையன் பாவாடைய தெரியுமில்ல? பூட்ஸ் வாங்க வழியில்லாமதான் லீக்ல பேர் குடுக்கல. உனுக்குத் தோலு ஆவாது, சரி. அவனுக்கு பூட்ஸே கெடையாதுடா சாந்தி. அவனுக்காக எவன் எழுதுனான்?"

"எனக்குக் கேன்வாஸ் சரின்னா அவனுக்கும் சரிதானே?"

"அத எழுதுனியா?"

எழுதவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கடிதம் எழுதினேன்: எனக்கு மட்டும் என்று சலுகை தந்தால் வேண்டாம், எல்லோருக்கும் சொல்லுங்கள். பிடிவாதம் என்று பிடித்தால் முழுசாய்ப் பிடிக்க வேண்டும்.

9-7-64
அமாவாசை. பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டது. பதில் இல்லை.

18-7-64
வந்துவிட்டது! சம்மேளனம் தனியாளுக்கு எழுதாதாம். மாநிலச் சங்கத்துக்கு எழுதி, அங்கிருந்து மாவட்டத்துக்கு வந்து, அரிகிருஷ்ணனே தன் வாயால் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. காலணி கட்டாயம், தோலாக இருக்க வேண்டும் என்பதில்லை, அடிப்பாகம் பிறர் காலைக் காயப்படுத்தாமல் இருந்தால் போதும். இது எல்லா ஆட்டக்காரருக்கும்.

நான் போட்ட கூச்சலில் நைனா கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். "இன்னாடா, இந்தியாவே ஜெயிச்சுட்டுதா?"

பாவாடையும் லீகில் பேர் கொடுத்தான். அவன் வாங்கிய மலிவான கேன்வாஸ் ஷூவுக்கு நானே அடி தைத்துக் கொடுத்தேன்.

26-7-64
விழுப்புரம் குழுவோடு ஆட்டம். கன்னியப்பன் ஒவ்வொரு பேராகச் சொன்னான். இடது விங் — பாவாடை.

"நான்?"

"உன்னவிட ஓடுறான், சாந்தி." கண்ணைப் பார்த்தே சொன்னான்.

ஷூவைக் கழற்றவில்லை. கயிறு கட்டியபடியே கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? நான் வாதாடி வாங்கிய தீர்ப்பு, நான் தைத்த அடி, என் இடம். பாவாடை இரண்டு பேரைத் தாண்டிப் பந்தை அடித்தபோது, "கோல்!" என்று முதலில் கத்தியவனும் நான்தான். ஜெயித்தோம். நன்றாகத்தான் ஆடுகிறான், பாவி.

இதைப் பற்றிச் சம்மேளனத்துக்கு எழுத முடியாது. நாளை விடிந்ததும் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் ஓடப்போகிறேன். பாவாடை, "நானும் வர்றண்ணே" என்றான்.

வரட்டும். பார்த்துவிடுகிறேன்.