பெயர் மடித்த கடுதாசி

லாச்சப்பல், பாரிஸ்
மார்ச் 12, வியாழக்கிழமை

அன்பான கோசலை மச்சாளுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சாருஜனின் சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைச் சுருட்டித் திணித்தேன். நேற்று மழைக்குள் பந்தடித்துவிட்டு வந்து நின்றான். இரண்டு கோல் போட்டானாம். சப்பாத்து காயாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டாவது கோலை நான் எழுபது தடவை கேட்டுவிட்டேன். பதினொரு வயதில் இந்த வாய் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் முழங்கால் எப்படி? ரொறன்ரோவில் இன்னும் பனி என்று மூத்தவள் மிருணாளினி சொன்னாள். வெளியே இறங்கும்போது கவனம். இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் என்னை ஒரு கதையும் முடிக்க விடமாட்டீர்கள். கோபிக்க வேண்டாம்.

போன கிழமை நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. “பிரிஞ்சாலும் மரியாதையாப் பிரிஞ்சியள் எண்டு ஊரெல்லாம் சொன்னனான். இப்ப பிள்ளைக்காசுக்கு ஏன் துஷ்யந்தி அடிபடுறியள்?” என்று கேட்டீர்கள். நீங்கள் அவருக்கு அக்கா. ஆனாலும் எனக்காகவும் ஒரு காதைத் திறந்து வைத்திருப்பவர். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

இங்கே இரண்டு பிள்ளைகளுக்கும் அரசாங்கம் மாதாமாதம் தருகிற காசு தொடக்கத்திலிருந்தே என் பெயரில்தான் வருகிறது. உங்கள் தம்பி பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வீடு எடுத்த பிறகு, போன ஒக்டோபரிலிருந்து, பிள்ளைகள் ஒரு கிழமை முழுக்க என்னோடு, அடுத்த கிழமை அவரோடு. அப்படியென்றால் காசில் பாதி தன் பெயரில் வரவேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். பிள்ளைகள் இருப்பது என்னோடு, அங்கே சும்மா போய் வருகிறார்கள் என்றேன். பெரிய காசில்லை மச்சாள். ஆனால் பாதி என்று ஒரு அலுவலகம் எழுதிவிட்டால், பதினாலு வருடமாக நான் தாயாக இருந்ததில் பாதியை யாரோ அழித்துவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. அவ்வளவுதான் என் நியாயம். எழுதிப் பார்க்கும்போது சின்னதாகத்தான் தெரிகிறது.

இனித்தான் கதை. எங்கள் கடையில் முன்பக்கம் விமானச் சீட்டு, பின்மேசையில் நான். சனங்களின் கடிதங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பது என் வேலை. வெட்கமான அலுவல் என்றால் லாச்சப்பலில் ஒரு வழக்கம் உண்டு. தமிழில் எழுதி, பெயர் இருக்கிற மூலையை மடித்துப் பின் அடித்து, வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் அந்த மூலையைப் பிரிப்பதில்லை. பெயருக்கு இடம் விட்டு எழுதிக் கொடுப்பேன்.

போன மாதம், பக்கத்து மரக்கறிக்கடை மகேந்திரராசா அண்ணை அப்படியொரு கடுதாசியோடு வந்தார். போன வருடம்தான் இந்தத் தெருவுக்கு வந்தவர், எங்கள் வீட்டுக் கதை தெரியாது.

“பிள்ளை, பேர் ஊர் கேளாதை. தெரிஞ்ச ஆள் ஒருத்தர். மனிசியோடை பிரச்சினை. அந்த மனிசி வலு கடுமையான ஆளாம்” என்றார்.

“அப்பிடியோ அண்ணை” என்றேன்.

“லாச்சப்பலுக்கை குடுக்க வேண்டாம், பொபினிப் பக்கம் எழுதுற ஆளிட்டைக் குடு எண்டு அந்த ஆள் சொன்னவர்தான். இந்தக் குளிருக்கை ஆர் அங்கை அலையிறது?”

முதல் வரியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் தபாலில் வந்த எழுத்து அது. எனக்கு ஏலாது அண்ணை என்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வாசித்தேன்.

பிள்ளைகள் வரும் கிழமைகளில் பின்னேர வேலை வேண்டாம் என்று ரெஸ்ரோறன்ட் முதலாளியிடம் சொல்லிவிட்டாராம், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லையாம். காலையில் கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் கூடவே வந்து பள்ளிக்கு அனுப்புகிறாராம். மகனுக்கு மீன்முள்ளுப் பயம், முள் எடுத்துக் கொடுத்தால் இரண்டு துண்டு சாப்பிடுவான் என்று எழுதியிருந்தார். மச்சாள், என் வீட்டில் மீன்சட்டியைக் கண்டாலே கதவைச் சாத்துகிறவன் அவன்! மகள் பிரெஞ்சில் பேசுகிறாள், நான் தமிழில் ஏசுகிறேன், பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறோம் என்று ஒரு வரி. பிறகு இப்படி: “காசுக்காகக் கேட்கவில்லை. பிள்ளைகள் என்னோடும் இருக்கிறார்கள் என்று என் பெயருக்கு ஒரு கடுதாசி வேண்டும். அதைக் காட்டினால்தான் மகளுக்குத் தனி அறையோடு அரசாங்க வீடு கேட்கலாம். தாயில் குறை இல்லை. பேப்பர் அலுவலில் அவவை வெல்ல ஒருவராலும் ஏலாது. அதுதான் பயம்.”

கடைசி வரியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்மேசை றஜனி திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது.

அந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதினேன். பிழையாக எழுதிவிட எனக்கு வழி இருந்தது. ஒரு வசனத்தைக் கொஞ்சம் வளைத்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கை போகவில்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் அதுதான் திறம் என்று நினைக்கிறேன். முள் எடுப்பதையும் விடவில்லை. அலுவலகத்துக்கு அது தேவையில்லைதான்.

இரண்டு நாள் கழித்து மகேந்திரராசா அண்ணை ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். “மகளைக் கொண்டு வாசிப்பிச்சவராம். தன்னைப் பற்றி இவ்வளவு வடிவா ஆரும் சொன்னதில்லையாம். எழுதின ஆளுக்குக் குடுக்கச் சொன்னவர்” என்றார். எந்த விருந்துச் சோற்றையும்விட அந்த முருங்கைக்காய்க் குழம்பு எனக்கு ருசித்தது. மிருணாளினி அந்தப் பிரெஞ்சை யாருடையது என்று கண்டுபிடித்தாளோ தெரியாது. அந்த ஞாயிறு வந்தவள் என்னைக் காரணமில்லாமல் கட்டிப்பிடித்தாள். நானும் கேட்கவில்லை.

இப்போது பிள்ளைக்காசு அலுவலகம் எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் மாறி மாறி வசிப்பது உண்மையா, தாய் என்ன சொல்கிறார் என்று. ஒன்பது நாளாகக் குளிர்பெட்டிக்கு மேல் கிடக்கிறது. இல்லை என்று எழுத எனக்குத் தெரிந்த அளவு இந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொஞ்ச நாளில் உங்கள் தம்பி போன் எடுப்பார், சந்தோசமாகத்தான் எடுப்பார். முதல்முறை கேட்பது மாதிரியே கேளுங்கள். யார் எழுதியது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் நாலு பேருக்கும் வேண்டும். ஆம், நாலு பேருக்கும் என்றுதான் எழுதினேன்.

பிள்ளைகளுக்கும் றஜனிக்கும் கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டிவிட்டு, படிவத்தில் ‘உண்மை, பாதியை அவர் பெயரில் அனுப்புங்கள்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்கப் போகிறேன்.

அன்புடன் உங்கள் மச்சாள்,
துஷ்யந்தி