லா பல்மா தெருமுனை டோமினோ மேசையைத் திருப்பிக் கேட்கும் மனு

அனுப்புநர்:
எடுவிகிஸ் பனியாகுவா (வயது 74),
ஓய்வுபெற்ற செவிலியர்,
லா பல்மா தெரு, சான் தெலெஸ்ஃபோரோ,
டொமினிக்கன் குடியரசு.

பெறுநர்:
காவல் தலைமை அதிகாரி அவர்கள்,
சான் தெலெஸ்ஃபோரோ.

பொருள்: முதியோர் பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்துச் செல்லப்பட்ட மேசையும் இரண்டு பெஞ்சுகளும் – திரும்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருமுனை மாமரத்தடியில் முதியோர் ஒன்பது பேர் பதினோரு ஆண்டுகளாக மாலைதோறும் டோமினோ ஆடி வந்தோம். மார்ச் 3 அன்று மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், எங்களில் மூத்தவரான திரு. வித்தாலினோவின் (வயது 81) கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். வண்டி எண்ணை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னோம் என்பது உண்மை. ஆனால் அவனுக்கு வலது காது பாதிதான் என்பதை ஒன்பது பேரும் ஒன்றுபோலச் சொன்னோம். அதை வைத்துத்தான் நான்காம் நாள் அவனைப் பிடித்தீர்கள்.

2. நன்றி சொல்ல யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். லாரி வந்தது. மேசையும் பெஞ்சுகளும் காவல் நிலைய வளாகத்துக்குப் போயின. "நீங்க வெளிய உக்காந்திருக்கறதே திருடன வா வான்னு கூப்பிடற மாதிரி இருக்கும்மா. நாலு மணிக்கு மேல கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்க" என்றார் தங்கள் சார்ஜென்ட்.

3. இருந்தோம். ஆறு வாரத்தில் அதே முனையில் இரண்டு கேஸ் சிலிண்டர்களும் ஒரு தண்ணீர் மோட்டாரும் திருடுபோயின. பள்ளி விட்டு வந்த பெண்ணின் கைபேசி பட்டப்பகலில் பறிக்கப்பட்டது. சாட்சி சொல்ல ஒருவர்கூட இல்லை. நாங்கள் கம்பிக்கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் கொலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம்.

4. எங்களுக்குப் பயமே இல்லை என்று எழுத மாட்டேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வித்தாலினோ இன்னும் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார். ஆனால் ஏப்ரல் 20 அன்று சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே வந்தவர் அவர்தான். கலைக்க வந்த காவலரிடம், "திருடன் எங்கிட்ட எடுத்தது ஒரு சங்கிலி. நீங்க எடுத்தது நாப்பது சாயங்காலம்" என்றார். அதற்குக் காவலர், "எங்கம்மாவும் இந்தத் தெருவுலதான் இருக்காங்க பெரியவரே. உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரை எழுத மாட்டேன். தாங்களும் கேட்க வேண்டாம்.

5. அன்று முதல் மடியில் பலகை வைத்து ஆடுகிறோம். காய்கள் சரிகின்றன. தெருவில் இந்தப் பதினாறு நாளில் ஒரு திருட்டும் இல்லை.

ஆகவே, மேசையையும் பெஞ்சுகளையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அதே இடத்தில் வைக்கவும், இனி முதியோர் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்குமுன் முதியோரில் ஒருவரையாவது அழைத்துக் கேட்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். தூக்கிவர ஆளில்லை என்றால் கவலை வேண்டாம். திங்கள் முதல் ஒன்பது பேரும் நிலைய வளாகத்துக்கே வந்து ஆடுவோம். காபி நாங்களே கொண்டுவருவோம், தங்களுக்கும் சேர்த்து.

இடம்: சான் தெலெஸ்ஃபோரோ
நாள்: மே 6

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
எடுவிகிஸ் பனியாகுவா
(மற்ற எண்மரின் கையொப்பம் பின்பக்கத்தில்)